தந்தையாரின் படுக்கையருகே கற்ற பாடம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் முன்னோர் கேட்டுச் சென்றனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்துவிட்ட நானும் இப்பழமொழியை வகுப்பில் பன்முறை எடுத்துக்காட்டியிருக்கிறேன். ஆனால், எழுபத்து நான்கு வயதில் ஒருவர் உண்ணவும், நடக்கவும், பேசவும் மீண்டும் முதலிலிருந்து கற்றுக்கொண்டதைக் கண்ணெதிரே கண்ட பின்னர், அப்பழமொழியை முன்போல் உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை. அவர் என் தந்தையார். அவர் கற்றதோடு நான் தவறியதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். நம் தோட்டத்துப் பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் இது பயன்படுமாயின் அதுவே எனக்கு நிறைவு.

என் தந்தையார் சிலியாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருளிலேயே பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவார். ஏறத்தாழ ஐந்நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லிய இழையாகச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். மேலாக வெட்டினால் பால் வாராது. அந்த அளவை அவருடைய வலக்கை அறிந்திருந்தது. பால்மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை வந்த பின்னரும், ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்த பின்னரும், அவர் தம் கத்தியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு பள்ளி நாள். காலை ஆறரை மணிக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்த அவருடைய வலக்கையிலிருந்து குவளை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவரால் நிமிர இயலவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சுக் குழறியது. அன்னையார் பதறி அண்டை வீட்டாரை அழைத்தார். ஒருவர் வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தார். மற்றொருவர் ஊசியால் விரல் நுனிகளைக் குத்தி இரத்தம் எடுத்தார். இன்னொருவர் சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டினார். அது புரையேறி நெடுநேரம் இருமினார். அவர்கள் அனைவரும் அன்பினால் செய்தார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை. குறை என்னுடையது.

ஏழு மணிக்கு அன்னையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அப்பாவுக்கு வாய் ஒரு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் வந்து பார்க்கிறாயா?" என்றார். நான் அப்பொழுது பள்ளி வாயிலில் நின்றேன். அன்று என் வகுப்பிற்குத் தேர்வு. "சற்று நேரம் படுக்கச் சொல்லுங்கள் அம்மா. தேர்வை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வருகிறேன்" என்றேன். வேறோர் ஆசிரியரிடம் வகுப்பை ஒப்படைத்திருக்கலாம். 999 எண்ணுக்கு அழைத்து நோயாளர் வண்டியை அனுப்பியிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை.

நான் வீடு சேர்ந்து, அவரைக் காரில் ஏற்றிச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையை அடைந்தபொழுது மணி பதினொன்றே கால். மருத்துவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதே. ஆறரை மணிக்கு என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூளையைப் படம் எடுத்தார்கள். இடப்புற மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு என்று தெரிந்தது.

மாணவர்களுக்காக இதனைச் சற்று விளக்குகிறேன். பக்கவாதம் என்பது கையிலோ காலிலோ தோன்றும் நோயன்று. அது மூளையின் நோய். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அப்பகுதி உயிர்க்காற்றின்றி அழியத் தொடங்குகிறது. இடப்புற மூளை உடலின் வலப்புறத்தை இயக்குகிறது. பெரும்பாலோர்க்குப் பேச்சும் அங்கேயே அமைந்துள்ளது. அடைப்பினால் வந்த பக்கவாதமாயின், அதனைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆனால், நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் அதனைச் செலுத்திவிட வேண்டும். எல்லா நோயாளிக்கும் அம்மருந்து பொருந்தாது. பொருந்தினும் முழுப்பயன் உறுதியன்று. எனினும், அந்த வாய்ப்பாவது என் தந்தையாருக்குக் கிடைத்திருக்கும். எங்கள் தோட்டத்திலிருந்து சிரம்பானுக்குக் காரில் அரைமணி நேரமே. ஏழு மணிக்குப் புறப்பட்டிருந்தால் எட்டு மணிக்குள் மருத்துவர் கையில் சேர்த்திருக்கலாம். நான் சேர்த்தபொழுது காலம் கடந்துவிட்டது.

மற்றொரு பிழையும் அன்று வெளிப்பட்டது. தந்தையாருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி உண்டு வந்தார். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று இரண்டு மாதங்களாக அதனை நிறுத்தியிருந்தார். உடம்பு நன்றாக இருந்ததற்கு அம்மாத்திரையே காரணம் என்பதை அவர் அறியவில்லை. ஞாயிறுதோறும் அவரைக் காணச் சென்ற நானும் ஒருமுறையேனும் மாத்திரையைப் பற்றிக் கேட்டதில்லை.

மருத்துவமனையில் முதல் நாள் இரவு அவர் தண்ணீருக்காகச் சைகை காட்டினார். நான் குவளையை எடுத்தேன். தாதி ஓடிவந்து தடுத்தார். பக்கவாதம் வந்தவரின் தொண்டைத் தசையும் வலுவிழந்திருக்கலாம். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும் வரை ஒரு துளி நீரும் தரலாகாது. தந்தால் அது நுரையீரலுக்குள் சென்று நிமோனியா காய்ச்சலை உண்டாக்கும் என்று விளக்கினார். காலையில் வீட்டில் புகட்டிய சர்க்கரை நீர் என் நினைவுக்கு வந்தது. அதன்பின் பத்து நாள்கள் மூக்கின் வழியே செலுத்திய குழாயில்தான் அவருக்குப் பாலுணவு கொடுத்தோம்.

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் வந்துவிடும். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கலாகாது; தோள்மூட்டு நழுவிவிடும். இவற்றைத் தாதியரிடம் கற்றேன். அடுத்த படுக்கையில் ஒரு சீன முதியவர். அவருக்கும் இதே நோய். அவருடைய மகள், தலையணையை எவ்வாறு மடித்துத் தோளுக்கு அண்டை கொடுப்பது என்பதை எனக்குக் கையால் செய்து காட்டினார். நான் அன்னையார் கொடுத்தனுப்பிய இட்டிலியை அவருக்கும் பகிர்ந்தேன். இரவில் அவர் கண்ணயரும்பொழுது அவர் தந்தையை நான் பார்த்துக்கொள்வேன். நான் வெளியே சென்றால் என் தந்தையை அவர் பார்த்துக்கொள்வார். 

தந்தையாரின் வாயில் எஞ்சியிருந்த சொல் ஒன்றே ஒன்று. "சரி." வலிக்கிறதா என்றாலும் "சரி", வலிக்கவில்லையா என்றாலும் "சரி". கங்காணியிடமும் கிராணியிடமும் வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல் என்பதால் அது மட்டும் அழியாமல் நின்றதோ என்று எண்ணி வருந்தினேன். பின்னர் ஒரு நூலில் படித்தேன்: 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் புரோக்கா என்னும் மருத்துவர் "டான்" என்ற ஓரொலியை மட்டுமே எழுப்ப வல்ல நோயாளி ஒருவரைக் கண்டார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, பேச்சுக்குரிய இடம் இடப்புற மூளையின் முற்பகுதியில் உள்ளதெனக் காட்டினார். அந்த நோயாளிக்குப் பிறர் பேச்சுப் பெரும்பாலும் விளங்கியது. தம்மால் பேசத்தான் இயலவில்லை. என் தந்தையாரும் அவ்வாறே இருந்தார். அவருக்கு அறிவு போய்விட்டது என்று கருதி, அவர் படுக்கையருகிலேயே நின்று "இனி இவ்வளவுதான்" என்று பேசிய உறவினர் சிலர் உண்டு. அவர் அதனைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

விரைவு காட்ட வேண்டிய காலையில் தாமதித்த நான், இப்பொழுது விரைவு காட்டலானேன். இழந்த நேரத்தை ஈடுகட்டிவிடும் வேகம் அது. குழாயை நீக்கி மென்மையான உணவு கொடுக்கலாம் என்றதும், கரண்டியை நானே பிடித்து ஊட்டினேன். அவர் ஒரு சொல்லைத் தேடி உதட்டை அசைத்தால், அவர் முடிப்பதற்குள் நானே, "தண்ணீரா? போர்வையா? அம்மாவா?" என்று அடுக்கினேன். சட்டைப் பொத்தானையும் நானே மாட்டினேன். என்னைப் பார்த்தவர்கள், "இப்படியொரு மகன் யாருக்கு வாய்ப்பான்!" என்றார்கள். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சி.

ஒருநாள் உடலியக்கப் பயிற்சி தரும் மலாய்ப் பெண்மணி வந்தார். தந்தையாரைக் கட்டிலோரத்தில் அமர்த்தி, "பெலான்-பெலான், பாக்சிக்" என்றார். மெல்ல மெல்ல, பெரியவரே என்பது அதன் பொருள். தந்தையார் தம் இடக்கையால் வலக்கையை எடுத்து மடிமேல் வைக்க முயன்றார். கை சரிந்தது. நான் குனிந்து எடுத்து வைத்தேன். அப்பெண்மணி என் கையை மெல்ல விலக்கி, அவரே செய்யட்டும் என்றார். மூன்று முறை சரிந்தது. நான்காம் முறை நின்றது. மூளையில் அழிந்த பகுதி மீண்டும் முளைக்காது என்றும், அதனருகே உள்ள பகுதிகள் அவ்வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியும் என்றும், ஒரே செயலை நூற்றுக்கணக்கான முறை முயன்றால்தான் அக்கல்வி நடக்கும் என்றும் அவர் விளக்கினார். அவருக்காக நான் செய்யும் ஒவ்வொன்றும் அவர் கற்க வேண்டிய ஒரு பாடத்தைப் பறிப்பதாகும் என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது.

அன்று மாலை அன்னையாரிடம் இதனைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத வரவில்லை என்றால், நீயே எழுதிக் கொடுத்துவிடுவாயா, தம்பி?" என்று கேட்டார். அவர் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். என் ஆசிரியப் பயிற்சியில் கற்றதை எனக்கே நினைவூட்டியவர் அவர்தான்.

மறுநாள் முதல் கரண்டியைத் தந்தையார் கையில் கொடுத்தேன். தடித்த துணியைப் பிடியில் சுற்றி, பற்றுவதற்கு எளிதாக்கினோம். கஞ்சி பாதி சட்டையில் விழுந்தது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய உணவு ஐம்பது நிமிடம் ஆயிற்று. நான் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தேன். மருத்துவமனையில் நான் செய்த வேலைகளுள் அதுவே கடினமானது.

பேச்சிலும் ஒரு வியப்பைக் கண்டேன். "தண்ணீர்" என்று சொல்ல இயலாதவர், நான் "ஒன்று, இரண்டு" என்று தொடங்கினால், பத்து வரை தாமே எண்ணிவிடுவார். பழைய எம்.ஜி.ஆர். படப் பாட்டை நான் முணுமுணுத்தால், சொற்களோடு உடன் பாடுவார். பழக்கத்தில் ஊறிய எண்ணும் பாட்டும் பேச்சு போன பின்னும் பலரிடம் எஞ்சியிருக்கும் என்று பேச்சுப் பயிற்சியாளர் கூறினார். ஆகவே, இரவில் மெல்லிய குரலில் பாடுவோம். அந்தச் சீன முதியவரும் தாளத்திற்கேற்பத் தலையசைப்பார்.

எம்.ஜி.ஆரைப் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே பக்கவாதமும் தாக்கியது. பின்னர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். எனக்கு அப்பொழுது பத்து வயது. அவர் நலம் பெற வேண்டி எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தந்தையார் கற்பூரம் ஏற்றியது நினைவிருக்கிறது. அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலில் எம்.ஜி.ஆர். பிரசாரத்திற்கு வாராமலே ஆண்டிப்பட்டியில் வென்றார். 1985 பிப்ரவரியில் நாடு திரும்பி மீண்டும் முதலமைச்சரானார். 1987 டிசம்பர் 24ஆம் நாள் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார். ஆனால், பேச்சின் பழைய தெளிவு அவருக்கு முழுமையாகத் திரும்பவில்லை. இதனைத் தந்தையாரிடம் சொன்னேன். "அவர்க்கே முழுவதும் திரும்பவில்லை, அப்பா. திரும்பியதைக் கொண்டு வேலை பார்த்தார்" என்றேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு "சரி" என்றார். அது உண்மையான சரி.

மாணவர்கள் அறிந்த மற்றொருவர் லூயி பாஸ்டர். 1868ஆம் ஆண்டில், நாற்பத்தைந்து வயதில், பக்கவாதம் அவருடைய இடப்புறத்தைத் தாக்கியது. அந்தக் குறை முற்றும் நீங்கவில்லை. வெறிநாய்க்கடிக்கு அவர் தடுப்பூசி கண்டு ஒரு சிறுவனைக் காப்பாற்றியது 1885இல். அதாவது நோய்க்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து.

பத்தொன்பதாம் நாள் தந்தையாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் கழிவறைச் சுவரில் பிடிகம்பி பொருத்தினோம். வழுக்கும் பாய்களை அகற்றினோம். கட்டிலைச் சன்னலருகே போட்டோம். வாரம் இருமுறை பயிற்சிக்கு அழைத்துச் சென்றோம். கைப்பயிற்சிக்கு மரக்கட்டைகளை எடுத்து அடுக்கச் சொன்னார்கள். தந்தையாருக்கு அதில் நாட்டமில்லை. அன்னையார் எங்கிருந்தோ ஒரு பழைய பால் மங்கைத் தேடி எடுத்து, ஒரு பிடி மொச்சைக்கொட்டையோடு அவர்முன் வைத்தார். மங்கைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று. ஒவ்வொரு கொட்டையாக வலக்கையால் எடுத்து மங்கில் போட்டார். முதல் நாள் நான்கு. ஒரு மாதத்தில் முப்பது. கத்தியைப் பிடிக்கும் ஆற்றல் அந்தக் கைக்கு இன்றுவரை வரவில்லை. இனி வாராமலும் போகலாம். கரண்டி பிடிக்கிறது. கைத்தடியின் துணையோடு அவர் கோயில்வரை நடக்கிறார்.

இடையிடையே காரணமின்றி அழுவார். சில நாள்கள் சினந்து மங்கைத் தட்டிவிடுவார். இதுவும் நோயின் பகுதியே என்று மருத்துவர் கூறியதை நினைத்துக்கொள்வோம். 2020 மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபொழுது பயிற்சி நின்றது. அதுவரை பார்த்துக் கற்றதை வீட்டிலேயே தொடர்ந்தோம்.

அதற்கு முன், 2020 ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். முந்தின இரவு தந்தையாருடன் தங்கியிருந்தேன். காலையில் பையை எடுத்துக்கொண்டு அவரிடம் விடைபெற நின்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "த... த..." என்றார். கடிகாரம் ஏழைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன்பாயின், "தண்ணீரா அப்பா?" என்று கேட்டிருப்பேன். நான் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவர் கண்ணை மூடினார்; திறந்தார்; மீண்டும் முயன்றார். ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகியிருக்கும்.

"தம்பி... பள்ளிக்கு... நேரமாயிற்று."

நான் சிறுவனாயிருந்தபொழுது அவர் வேலைக்காட்டிற்குப் புறப்படுமுன் என்னை எழுப்பிச் சொல்லும் வாக்கியம் அது. அவரைக் கவனிக்காமல் பள்ளியே பெரிதென்று நான் நின்ற அந்த ஜூலை மாதக் காலையும் என் நினைவில் எழுந்தது. அவர் அதனை அறிவாரோ அறியாரோ. அன்று நான் பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதமாகவே சென்றேன்.

பெற்றோர்களே! ஒருவர் முகம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தொய்ந்தால், பேச்சுக் குழறினால், மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே 999 எண்ணுக்கு அழையுங்கள். தைலமும் ஊசியும் தண்ணீரும் வேண்டா. இரத்த அழுத்த மாத்திரையை உங்கள் விருப்பப்படி நிறுத்தாதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் செலவில்லை. வேலையில் இருக்கும்பொழுதே இந்நோயால் உழைக்க இயலாது போன தொழிலாளர்கள், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பெர்கேசோவில் இயலாமை ஓய்வூதியம் பற்றி விசாரியுங்கள். 1996ஆம் ஆண்டு முதல் இயங்கும் நாசாம் என்னும் தேசியப் பக்கவாதச் சங்கமும் பயிற்சி அளித்து வருகிறது.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியர் ஒரு சொல்லைத் தேடி நின்றால், அதனை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் முதன்முதலில் அகரம் எழுதியபொழுது உங்களுக்காக ஒருவர் காத்திருந்தார். அவ்வாறே நீங்களும் சற்றுக் காத்திருங்கள்.